அப்பச்சிக்குப் பார்கின்சன். பாறை ஏறுவதை நிறுத்தச் சொல்லலாமா?

கேள்வி, 6 ஜனவரி 2024

எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 63 வயது. பார்கின்சன் என்ற நரம்பு நோய் என்று போன வருடம் சொன்னார்கள். வலது கை நடுங்குகிறது, நடை மெதுவாகிவிட்டது. காலேஜ் நாளிலிருந்து அவருக்கு ஒரு நண்பர் கூட்டம் உண்டு. கயிறு, ஹெல்மெட் எல்லாம் எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் பாறை ஏறப் போவார்கள். இப்போதும் போகிறார். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், ஊரில் ஆத்தா மட்டும் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நிறுத்துங்கள் என்றால் பதில் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். இந்த நோயோடு பாறை ஏறலாமா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு

எனக்கும் பார்கின்சன். நானும் பாறை ஏறுகிறேன்.

ஏறலாமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது அம்மா. கயிறு உச்சியில் கட்டியிருக்கிறதா, அல்லது அவரே கயிற்றை இழுத்துக்கொண்டு முதலில் ஏறுகிறாரா? மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து ஏறுகிறார்? அவருக்குக் கீழே நின்று கயிறு பிடிப்பது யார்? அவர் மற்றவர்களுக்குக் கயிறு பிடிக்கிறாரா? உங்கள் இடத்தில் நான் இருந்தால் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். அது ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன், நேரமாகிவிட்டது.

7 ஜனவரி, காலை

நாங்கள் நான்கு பேர். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ராமநகரப் பாறைகளில் ஏறிப் பழகினோம். எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள்தான்: தேவகோட்டை, பொன்னமராவதி, திருமயம், நான் காரைக்குடி. பெயர் போட்டால் அவர்களுக்குப் பிடிக்காது, ஊரை வைத்தே சொல்கிறேன். ஓய்வு பெற்றதும் ஒவ்வொருவராக ஊர் திரும்பிவிட்டோம். பொன்னமராவதிக்காரரின் பங்காளிக்குச் சொந்தமான பட்டா நிலத்தில் ஒரு கருங்கல் பாறை இருக்கிறது. 60 அடி உயரம் இருக்கும். கிழக்கே நல்ல சரிவு, வடக்கே கிட்டத்தட்ட செங்குத்து. உச்சியில் அசையாத பெரிய குண்டுக்கற்கள் உண்டு, கயிறு கட்டுவது அவற்றில்தான்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம் கோட்டைப் பாறை எதிலும் நாங்கள் கயிறு போடுவதில்லை. அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள். சமணர் படுக்கை இருக்கிற பாறையில் ஆணி அடிக்க நினைப்பவன் பாறையேறியே இல்லை. காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும்.

நோய் வந்ததை முதலில் கண்டது நண்பர்கள்தான், நான் இல்லை. ஒற்றையடிப் பாதையில் எனக்குப் பின்னால் நடந்து வந்த திருமயத்தார், "உன் வலது கை ஆடவே இல்லையே, தோள்ல அடிபட்டுச்சா?" என்று கேட்டார். அதற்கு ரொம்ப நாள் முன்பே எனக்கு வாசனை தெரியாமல் போயிருந்தது. வீட்டில் மசாலா வறுத்தால் தெருவே தும்மும், எனக்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்தும் சிறுத்துக்கொண்டே போனது. இவை எல்லாம் ஒரே நோயின் முன்னடையாளம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தை மூளையில் சுரக்கும் செல்களில் கணிசமான பகுதி போன பிறகே கை கால்களில் அறிகுறி வெளியே தெரியுமாம்.

7 ஜனவரி, மாலை

"சமதரையில் நடக்கவே தடுமாறுபவர் செங்குத்தில் எப்படி ஏறுவார், கதை விடாதீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம். என்னை வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

2010-ல் நெதர்லாந்தில் பாஸ்டியன் ப்ளூம் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். வயது 58. நடக்க முயன்றால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் (கால் உறைவது என்பார்கள்), இரண்டடி வைப்பதற்குள் விழப் பார்ப்பார். அதே ஆளை சைக்கிளில் ஏற்றிவிட்டால் சர்வசாதாரணமாக ஓட்டிக்கொண்டு போனார். சமதரை நடை என்பது மூளை நம்மைக் கேட்காமல் தானாகச் செய்கிற வேலை. பார்கின்சன் பிடிப்பது அந்தத் தானாக நடக்கும் வேலையைத்தான். கண்ணால் பார்த்து, இங்கே வை, அங்கே பிடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்கிற வேலைக்கு மூளை வேறு வழியையும் பயன்படுத்துகிறது. பாறையில் ஒவ்வொரு பிடியும் அப்படித்தான். பாறையில் எனக்குக் கால் உறைந்ததே இல்லை. பஜாரில் கூட்டம் நெருக்கினால் உறையும்.

எங்கள் வீட்டில் எனக்கு உதவியது தரையில் பதித்த ஆத்தங்குடி ஓடு. வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றி ஓடுகிற தாழ்வாரத்தில் பூப்போட்ட ஓடும் ஓரத்தில் கரையும் இருக்கும். ஒரு ஓட்டின் கோட்டிலிருந்து அடுத்த ஓட்டின் கோட்டுக்குக் கால் வைத்தால் நிற்காமல் போகிறேன். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை எத்தனை நிலைவாசல் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வாசலைக் கண்டால் கால் உறைவது இந்த நோயில் சகஜம். ஆனால் நம் வாசற்படி உயரமானது, தாண்டித்தான் ஆக வேண்டும், தாண்ட வேண்டும் என்று நினைத்ததும் கால் தூக்கிக்கொள்கிறது. சென்னையில் மகன் வீட்டில் வழவழவென்று ஒரே நிறத் தரை, படியே இல்லாத கதவு. அங்கேதான் திண்டாடுகிறேன். அங்கே தரையில் வண்ண டேப் ஒட்டிவிட்டான்.

(நோய் முற்றியவர்களுக்கு அதே உயரமான படி இடறிவிடவும் கூடும். எல்லோருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

14 ஜனவரி

பாறை ஏறுவது இந்த நோய்க்கு உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டவருக்கு. இருக்கிறது. வியன்னாவில் ஒரு ஆய்வு செய்து 2021-ல் வெளியிட்டார்கள். பார்கின்சன் உள்ள 48 பேர், அதற்கு முன் பாறையேற்றம் பழகாதவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரை 12 வாரம் சுவர் ஏற வைத்தார்கள், மற்றவர்கள் வழக்கமான உடற்பயிற்சி அறிவுரைப்படி செய்தார்கள். உடல் அசைவுகளுக்கு மருத்துவர்கள் போடுகிற மதிப்பெண்ணில் ஏறியவர்களுக்குக் கிட்டத்தட்ட 13 புள்ளி குறைந்தது. குறைந்தால் நல்லது. மற்றவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை.

அதை வைத்து நாளைக்கே பாறைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அது கட்டடத்துக்குள் அமைத்த சுவர், கயிறு உச்சியிலிருந்து வருகிறது, பக்கத்தில் பயிற்சியாளர் நிற்கிறார். நம் ஊர் வெயிலும் தேனீயும் அங்கே கிடையாது.

நாளை பொங்கல். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

20 ஜனவரி

பழனிக்கு நடக்கிறவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். தேவகோட்டைக்காரர் வருடம் தவறாமல் குன்றக்குடியிலிருந்து காவடியோடு சேர்ந்து நடப்பவர். நானும் கூடப் போய்க்கொண்டிருந்தேன். இந்த முறை கொஞ்ச தூரம் நடந்து திரும்பிவிட்டேன். வயது கூடியதால் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள், நானும் விளக்கவில்லை. தார்ச்சாலையில் நெடுந்தூரம் நடப்பதுதான் எனக்கு இப்போது மிகவும் கடினமான காரியம். உடம்பு முன்னால் சாய்ந்து, அடி சிறுத்து, ஓட்டம் மாதிரி ஆகிவிடுகிறது. பாறையில் முகம் சுவரைப் பார்த்து நிமிர்ந்தே ஆக வேண்டும், கை மேலே எட்ட வேண்டும். இறங்கி வந்த பிறகும் முதுகு கொஞ்ச நேரம் நிமிர்ந்தே இருக்கிறது.

ஆகவே நடைதான் பாதுகாப்பு, ஏற்றம்தான் ஆபத்து என்று கோடு போட வேண்டாம். இந்த நோய் வந்தவர்கள் விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள், குளியலறையில், அவசரமாகத் திரும்பும்போது. ஆத்தாவிடம் சொல்லி முதலில் குளியலறையில் கைப்பிடி வைக்கச் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி

மாத்திரை நேரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

நான் சாப்பிடுவது லெவோடோபாவும் (மூளையில் டோபமைனாக மாறுகிற மருந்து) கார்பிடோபாவும் சேர்ந்தது. உள்ளே போய் வேலை செய்ய ஆரம்பிக்க அரைமணி, முக்கால் மணி ஆகும். சில மணி நேரம் நன்றாக இருக்கும், அப்புறம் வடிந்துவிடும். வடிகிற நேரத்தில் சட்டைப் பொத்தான் போடவே முடியாது, கயிற்றை இடுப்பில் கட்டுகிற எட்டு வடிவ முடிச்சை எப்படிப் போடுவது? நன்றாக இருக்கிற நேரத்தை நாங்கள் "வெளிச்சம்" என்கிறோம். வெளிச்சத்தில் மட்டும்தான் ஏறுவேன். பாறைக்குப் போனதும் கயிறு கட்டுகிற வேலை நடக்கும்போதே மாத்திரை. கயிறு கட்டி, ஒருவர் ஏறிப் பார்த்து முடிப்பதற்குள் எனக்கு வெளிச்சம் வந்திருக்கும்.

அடுத்தது புரதம். லெவோடோபாவும் புரதமும் குடலில் ஒரே வழியில்தான் உள்ளே போக வேண்டும், மூளைக்குள் போவதும் அப்படியே. வயிறு நிறைய கோழிக்குழம்பு சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டால் வரிசையில் பின்னால் நிற்கும். முன்பெல்லாம் பாறைக்குப் போகிற வழியில் இட்லி, கறிக்குழம்பு என்று ஒரு கட்டு கட்டிவிட்டுத்தான் போவோம். இப்போது நால்வரும் வெறும் வயிற்றில் போகிறோம், ஏறி முடித்த பிறகுதான் சாப்பாடு. எனக்கு மட்டும்தான் பத்தியம், நீங்கள் சாப்பிடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பணியாரமும் கும்மாயமும் இப்போது பாறையடியில், பத்து மணிக்கு.

எல்லோருக்கும் புரதம் இப்படித் தடுக்காது. சிலருக்கு வித்தியாசமே தெரியாது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுதி: ஏறும் நாள் என்பதற்காக மாத்திரையைக் கூட்டவோ திடீரென்று நிறுத்தவோ கூடாது. திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

25 பிப்ரவரி

சரி, கயிறு பிடிப்பது பற்றி எழுதுகிறேன் என்று ஜனவரியில் சொன்னது. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், எழுதவே மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காக: ஏறுகிறவர் இடுப்பில் கட்டிய கயிறு உச்சிக்குப் போய், அங்கே காராபினர் என்ற உலோகக் கொக்கி வழியாகத் திரும்பிக் கீழே வருகிறது. கீழே ஒருவர் அதைத் தன் இடுப்புக் கருவி வழியாகப் பிடித்திருப்பார். மேலே இருப்பவர் ஏற ஏற இவர் தளர்ச்சியை இழுத்துக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவர் வழுக்கினால் இவருடைய ஒரு கைதான் அவரை நிறுத்துகிறது. அந்தக் கையில் இருப்பது பிரேக் கயிறு. இந்த வேலையை பிலே என்பார்கள்.

எங்கள் நால்வரில் அதிகம் கயிறு பிடித்தவன் நான். நான் நன்றாக ஏறுபவன் இல்லை, நன்றாகப் பிடிப்பவன். தேவகோட்டைக்காரர் செங்குத்தில் கடைசிப் பிடிக்குத் தாவும்போது கீழே பார்த்து நான்தானா என்று உறுதி செய்துகொண்டுதான் தாவுவார். இத்தனை வருடமும் அப்படித்தான்.

பார்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது அதிகம், வேலை செய்யும்போது குறையும். அதனால்தான் பாறையில் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிடுகிறது. கயிறு பிடிப்பது நேர்மாறானது. நிறைய நேரம் கை சும்மா காத்திருக்கும், பிறகு ஒரு நொடியில் வேலை செய்ய வேண்டும். இந்த நோயில் மெதுவாவது அந்த நொடிதான். காத்திருக்கிற கையில் நடுக்கமும் வேறு. ஒருநாள் திருமயத்தார் மேலே நின்று இளைப்பாறிக்கொண்டிருந்தார். என் வலது கை பிரேக் கயிற்றோடு சேர்ந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதுவும் நடக்கவில்லை, பத்திரமாக இறக்கினேன். இறங்கியதும் மூவரையும் கூப்பிட்டு, இனி நான் யாருக்கும் கயிறு பிடிக்க மாட்டேன் என்று சொன்னேன்.

நோயின் பெயரை மருத்துவர் சொன்ன நாளில்கூட நான் அவ்வளவு உடையவில்லை.

தேவகோட்டைக்காரர், "நீ பிடிக்கலேன்னா நான் ஏறல" என்று இடுப்பில் கட்டும் ஹார்னஸைக் கழற்றிப் போட்டுவிட்டார். பொன்னமராவதிக்காரருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "அவன் நம்ம உயிருக்காகச் சொல்றான், நீ அவனுக்காக வீம்பு பிடிக்கிறியா?" என்று கத்தினார். அன்றைக்கு யாரும் ஏறவில்லை. அப்புறம் கொஞ்ச நாள் எங்கள் குழுவில் போனில்கூடப் பேச்சு சரியாக இல்லை.

அம்மா, உங்கள் அப்பச்சி எழுந்து போய்விடுகிறார் என்றீர்களே. ஏறுவதை விடச் சொன்னதற்காகத்தான் போகிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். நண்பர்களுக்குக் கயிறு பிடிப்பதை விட வேண்டி வருமே என்று அவரே உள்ளுக்குள் போராடிக்கொண்டிருக்கலாம். அதைத்தான் கேளுங்கள். "ஏறாதீர்கள்" என்று தொடங்காமல், "யாருக்குக் கயிறு பிடிக்கிறீர்கள் அப்பச்சி?" என்று கேளுங்கள்.

26 பிப்ரவரி

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சமாதானம் எப்படி ஆனது என்று சிலர் கேட்டார்கள். திருமயத்தார் கண்டுபிடித்த வழி அது. இப்போது ஏறுவதற்கு முன் எல்லோருடைய முடிச்சையும், ஹார்னஸ் வாரையும், காராபினர் திருகையும், உச்சியில் கயிறு கட்டியிருப்பதையும் சரிபார்ப்பது என் வேலை. நான் தலையசைத்தால்தான் யாரும் தரையை விட்டுக் கால் எடுக்கலாம். என் கை மெதுவானது, கண் மெதுவாகவில்லை. அவசரம் இல்லாத ஆள் செய்ய வேண்டிய வேலைதான் இது.

என் முடிச்சை நானே போடுகிறேன். நேரம் ஆகும். யாரும் உதவிக்குக் கை நீட்டுவதில்லை, போட்டு முடித்ததும் இன்னொருவர் சரிபார்ப்பார், அவ்வளவுதான்.

17 மார்ச்

குரல். இதை எந்த மருத்துவரும் எங்களிடம் எச்சரிக்கவில்லை, நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டோம்.

பார்கின்சனில் குரல் தணிந்துவிடும். நமக்கு உரக்கப் பேசுவதாகத்தான் இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. 50 அடி உயரத்தில் காற்று அடிக்கும்போது கேட்கவா போகிறது? நாங்கள் எப்போதும் தமிழில்தான் குரல் கொடுப்போம். கயிற்றை இழுத்துப் பிடிக்க "இறுக்கு", கீழே விட "இறக்கு". நல்ல குரலுக்கே இவை இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். என் குரலில் சொல்லவே வேண்டாம்.

இப்போது என் கழுத்தில் விசில். ஒரு ஊது என்றால் இழுத்துப் பிடி. இரண்டு என்றால் தளர்த்து. மூன்று நீளமாக என்றால் கீழே இறக்கு. கீழே இருப்பவர் அதே எண்ணிக்கையில் திருப்பி ஊதிவிட்டுத்தான் செய்வார். மேய்ச்சலுக்கு வருகிற ஆட்டுக்காரப் பையன்கள் கொஞ்ச நாளிலேயே இதைக் கற்றுக்கொண்டார்கள், நான் மூன்று ஊதினால் அவர்களும் "இறக்கு, இறக்கு" என்று கத்துவார்கள்.

குரல் பயிற்சியும் எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் இதற்கென்றே உரக்கப் பேசும் பயிற்சி தருகிறார்கள். நான் காலையில் தேவாரம் உரக்கப் படிக்கிறேன். பிரான்மலைக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் இருக்கிறது, திருக்கொடுங்குன்றம். பாரியின் பறம்புமலைதான் அது. மலையைப் பார்த்து மலைப் பாட்டு.

11 ஏப்ரல்

இன்று உலகப் பார்கின்சன் நாள். ஜேம்ஸ் பார்கின்சன் பிறந்த நாள், 1755. அவர் 1817-ல் எழுதிய சிறு நூலில் வருபவர்கள் ஆறே பேர், அதிலும் சிலரைத் தெருவில் கண்டுதான் கவனித்திருக்கிறார். முன்னால் சாய்ந்து ஓட்டமாக மாறுகிற நடையை அப்போதே எழுதிவிட்டார்.

வெயில் காலத்துக்கு வருகிறேன். விடிந்ததும் தொடங்கி எட்டரை மணிக்குள் முடித்துவிடுகிறோம், அதற்குப் பிறகு கருங்கல்லில் உள்ளங்கை வைக்க முடியாது. இந்த நோயிலும் இந்த மாத்திரையிலும் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். வியர்வை கொட்டினால் இன்னும் இறங்கும். நான் கீழே வந்ததும் நேராக நிற்பதில்லை. பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, காலை ஆட்டிவிட்டு, அப்புறம் மெதுவாக எழுகிறேன். மோர் வேண்டும் என்றால் மாத்திரை நேரத்திலிருந்து தள்ளிக் குடிக்கிறேன்.

மலைத்தேனீ. இதில் என்னால் விட்டுக்கொடுக்கவே முடியாது. செங்குத்தில் கூடு தொங்குகிறதா என்று தூரத்திலிருந்தே பைனாகுலரில் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போவோம். கூடு இருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுவோம். ஓட வேண்டி வந்தால் மற்ற மூவரும் ஓடிவிடலாம், என்னால் முடியாது. நான் நிற்கிற இடத்தில் அவர்களும் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தப் பிடிவாதம்.

5 மே

பூனைக்காலி விதைப் பொடி சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பூனைக்காலியில் லெவோடோபா இருப்பது உண்மை. அதுதான் சிக்கலே. ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவருக்குத் தெரியாமல் இதையும் சேர்த்தால் மருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கூடிவிட்டால் உடம்பு தானாக நெளியும், ரத்த அழுத்தம் இறங்கும். அந்த நிலையில் பாறையில் தொங்குவதை நினைத்துப் பாருங்கள். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. எதைச் சாப்பிட்டாலும் இரண்டு மருத்துவருக்கும் தெரிந்து சாப்பிடுங்கள் என்கிறேன்.

இன்னொன்று, இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோக்ளோப்ரமைடு பார்கின்சன்காரர்களுக்கு ஆகாது, டோபமைனையே தடுக்கும். போன மாதம் வயிற்றுப் போக்கும் வாந்தியும் வந்து ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போனேன். ஊசி தயாராகிவிட்டது. கூட வந்த பொன்னமராவதிக்காரர் பர்ஸிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். எனக்கு ஆகாத மருந்துகளின் பட்டியல். அதை மூவரும் ஆளுக்கொன்று பர்ஸில் வைத்திருக்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

16 ஜூன்

பெங்களூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "கிரிகிரி மாதிரி தானாகப் பிடிக்கிற கருவிகள் இருக்கின்றனவே அண்ணா, அதை வைத்து நீங்கள் மறுபடி கயிறு பிடிக்கலாமே?"

தம்பி, அதை நாங்களும் யோசித்தோம். வாங்கியும் விட்டோம். அது உதவுகிற கருவி, ஆளுக்கு மாற்று இல்லை. பிரேக் கயிற்றிலிருந்து கையை எடுக்காதே என்று செய்கிறவர்களே சொல்கிறார்கள். இறக்கும்போது லீவரை அளவாக இழுக்க வேண்டும். பதறிப்போய் முழுக்க இழுத்துவிட்டால் கயிறு ஓடிவிடும். என் கையில் வருவது அந்த அளவு தவறுவதுதான். பிப்ரவரியில் சொன்ன முடிவில் மாற்றம் இல்லை.

ஆனால் அந்த முடிவுக்கு ஒரு சின்ன விலக்கு இருக்கிறது. கயிறு பிடிப்பவருக்குப் பின்னால் அதே பிரேக் கயிற்றை இரண்டாவது ஆள் பிடித்துக்கொள்வது உண்டு. முதல் ஆள் தவறினால் இவர் பிடிப்பார். இப்போது அந்த இடத்தில் நான் நிற்கிறேன், மாத்திரை வெளிச்சத்தில் இருக்கும்போது மட்டும். முதல் பொறுப்பு திருமயத்தாருடையது. என் கை தவறினாலும் யாருக்கும் எதுவும் ஆகாது, திருமயத்தார் கை தவறினால் என் கை அங்கே இருக்கிறது. கயிறு மறுபடி என் உள்ளங்கையில் ஓடுகிறது. தேவகோட்டைக்காரர் தாவும் முன் கீழே பார்க்கிறார்.

இதில் எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. நோய் கூடக் கூட இதையும் விட வேண்டி வரும். மாதாமாதம் அவர்களே என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும், என் மனசுக்காகத் தள்ளிப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

17 ஜூன்

"வீட்டுக்காரம்மா எப்படி ஒத்துக்கொண்டார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் பாறைக்கு வந்து காலையிலிருந்து நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பாதி உயரத்தில் என் கால் தடதடவென்று ஆடியது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். அது பார்கின்சன் இல்லை, விரல் நுனியில் ரொம்ப நேரம் நின்றால் எந்தப் பாறையேறிக்கும் வருவது, தையல் மெஷின் கால் என்போம். அடுத்து ஏறிய திருமயத்தாருக்கும் அதே இடத்தில் கால் அப்படியே ஆடியதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். திரும்பும்போது அவள் கேட்டது இரண்டு: முன்னால் கயிறு இழுத்துக்கொண்டு ஏறக் கூடாது, முடிந்ததும் போன் செய்ய வேண்டும். இரண்டும் சரி என்றேன். அப்படி முன்னால் ஏறுவதை நான் முன்பே விட்டிருந்தேன். விழுந்தால் தூரமாக விழ வேண்டியிருக்கும், தலை மோதும்.

14 ஜூலை

சிங்கப்பூர் மகள் தனிச் செய்தி அனுப்பியிருந்தார், பொதுவில் சொல்ல அனுமதியும் கொடுத்தார். அப்பச்சியிடம் கயிறு பற்றிக் கேட்டாராம். ஒரு மணி நேரம் போனை வைக்காமல் பேசினாராம். அவரும் முன்பே நண்பர்களிடம் சொல்லிவிட்டாராம், வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லையாம். இன்னும் ஏறுகிறார். ஆத்தாவுக்கு இன்னும் பயம் இருக்கிறது. குளியலறையில் கைப்பிடி வைத்தாயிற்று.

18 ஆகஸ்ட்

மதுரையிலிருந்து ஒருவர், தனக்கும் பார்கின்சன், எங்களோடு வரலாமா என்கிறார். தாராளமாக வாருங்கள். ஆனால் முதலில் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நின்றபடி ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்து, தோள் எலும்பு தேய்மானம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். முதல் நாள் சரிவுப் பக்கம் மட்டும்தான், செங்குத்து கிடையாது. பழைய கயிறு யாரிடமாவது இருக்கிறது என்று எடுத்து வராதீர்கள். பயன்படுத்தாமல் பரணில் கிடந்தாலும் பத்து வருடம் ஆன கயிறு எங்கள் பாறையில் ஏறாது, நாங்களே இந்த மாதம் ஒன்றை வெட்டி மாட்டுக் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டோம்.

மழைக்கு முன்பு வந்தால் நல்லது, ஐப்பசியில் பாசி பிடித்துவிடும். பொன்னமராவதி பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள், வண்டி அனுப்புகிறோம். சாப்பாடு கொண்டுவர வேண்டாம். உங்கள் மாத்திரை எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முந்தின நாளே எழுதிவிடுங்கள், எந்த நேரத்துக்கு யார் ஏறுவது என்று அதைப் பார்த்துத்தான் வரிசை போடுவோம்.